பெக்காரியாவின் அளவுகோல்

எமது பாடசாலை ஒழுக்காற்றுக் குழுவுக்குச் சென்ற வாரம் ஒரே நாளில் இரண்டு முறைப்பாடுகள் வந்தன. தரம் பத்து மாணவன் ஒருவன் ஆசிரியரை எதிர்த்துப் பேசியிருந்தான். வேறு மூவர், தரம் ஆறு பிள்ளையொன்றை மலசலகூடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். எதிர்த்துப் பேசியவனுக்கு இரு வார வகுப்புத் தடை, மூவருக்கும் எச்சரிக்கை. நானும் கையெழுத்திட்டேன்.

அன்றிரவு, கலாசாலைக் காலத்துக் கொப்பியொன்றில் தண்டனை பற்றி எழுதி வைத்த குறிப்பைத் தேடியெடுத்தேன். அதில் செசாரே பெக்காரியாவின் பெயர் இருந்தது.

இத்தாலியின் மிலான் நகரில் 1738 இல் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். பாவியாவில் சட்டம் படித்தார். தெரேசா என்ற பெண்ணை விரும்பியபோது, தந்தை அரச உத்தரவு பெற்று மகனை வீட்டுக் காவலில் வைத்தார். அதிகாரம் கோபப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. 1761 இல் திருமணம் எப்படியோ நடந்தேறியது.

வெர்ரி சகோதரர்கள் அவரது நண்பர்கள். அவர்களில் இளையவர் சிறைக்கைதிகளின் நலன் பார்க்கும் பொறுப்பில் இருந்தவர். சித்திரவதை செய்து வாக்குமூலம் பெறுவது அன்று சட்டம் அனுமதித்த காரியம். எழுதுவதற்குச் சோம்பல்படும் பெக்காரியாவை நண்பர்களே தூண்டி எழுத வைத்தார்கள். 1764 இல் ‘குற்றங்களும் தண்டனைகளும்’ லிவோர்னோவில் பெயர் போடாமல் வெளிவந்தது. அவருக்கு வயது 26.

ஒரு குற்றத்தின் பாரத்தைச் சமூகத்துக்கு நேர்ந்த தீங்கைக் கொண்டே நிறுக்க வேண்டும் என்பதே அவரது வாதம். பாதிக்கப்பட்டவரின் அந்தஸ்து அளவுகோல் அல்ல. பாவத்தின் கனமும் அல்ல, அந்தக் கணக்கு இறைவனுக்குரியது என்றார். செய்தவனின் எண்ணத்தையும் ஒதுக்கினார். நிய்யத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

குற்றங்களை அவர் மூன்றாக வகுத்தார்: சமூகத்தையே அல்லது அதன் தலைமையை அழிக்க முனைபவை, தனிமனிதனின் உயிர், உடைமை, மானத்தைத் தாக்குபவை, பொது அமைதியைக் குலைப்பவை. முதல் வகையே மிகப் பாரதூரமானது. ஆனால் சின்னக் குற்றங்களுக்கும் அந்தப் பெயரைச் சூட்டுவது கொடுங்கோன்மையின் வழக்கம் என்று எச்சரித்தார். நான் நெடுநேரம் நின்றது அந்த இடத்தில்தான். எமது 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் அரசுக்கு எதிரானவை, மனித உடலுக்கு எதிரானவை, ஆதனத்துக்கு எதிரானவை என்று பிரித்தே குற்றங்களை அடுக்கியிருக்கிறது.

1766 இல் கத்தோலிக்கத் திருச்சபை அந்நூலைத் தடைசெய்தது. அதே ஆண்டு பாரிஸ் அவரைக் கொண்டாட அழைத்தது. கூச்ச சுபாவம் கொண்ட மனிதர், வீட்டு நினைவு தாங்காமல் முன்கூட்டியே திரும்பிவிட்டார். பின்னர் விரிவுரையாளராகவும் அரச உத்தியோகத்தராகவும் அமைதியாக வாழ்ந்தார். மரண தண்டனையை அவர் எதிர்த்திருந்தார். தொஸ்கானா அரசு 1786 இல் அதை ஒழித்தபோது அவர் உயிரோடிருந்தார். 1794 இல் மிலானிலேயே இறந்தார்.

அந்த இரண்டு கோப்புகளையும் திரும்ப எடுக்குமாறு நாளை அதிபரிடம் கேட்கப் போகிறேன். தரம் ஆறு பிள்ளை இப்போது இடைவேளையில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் மலசலகூடம் போக வேண்டி வரும் என்று பயப்படுகிறதாம்.