வார்டுக்குள் வந்த அம்மையார்

ராயபுரம் மேற்கு மாதா கோவில் தெருவில் பார்சிகளின் அக்கினிக் கோவில் இருக்கிறது. 1910-ம் ஆண்டு அதைத் திறந்தார்கள். சிறு வயதில் இறந்துபோன தன் மகன் ஜாலின் நினைவாக அதைக் கட்டியவர் பிரோஜ் கிளப்வாலா.

கிளப்வாலா என்ற அந்தப் பெயரைப் பிற்காலத்தில் பட்டணம் முழுவதும் தெரிய வைத்தவர் ஒரு பெண்மணி. அவர்தான் மேரி கிளப்வாலா.

1909-ம் ஆண்டு ஊட்டியில் ஒரு பார்சி குடும்பத்தில் மேரி பிறந்தார். சென்னையில் படித்தார். 18 வயதில் நோகி கிளப்வாலாவை மணந்தார். 1930-ல் ஒரு மகன் பிறந்தான். நல்ல வசதியான வாழ்க்கை. ஆனால் 1935-ல் கணவர் காலமானார். அப்போது மேரிக்கு வயது 26. மகனுக்கு ஐந்து.

வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மேரி முடங்கவில்லை. 'கில்டு ஆப் சர்வீஸ்' என்ற சேவைச் சங்கத்தின் வேலைகளில் இறங்கினார். பிஷப் வாலரின் மனைவி 1923-ல் தொடங்கிய சங்கம் அது.

ஜப்பான் பயம்

பிறகு யுத்தம் வந்தது. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் பட்டணத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டே போயிற்று.

ஊர் ஓடிய அதே 1942-ல்தான், இந்தியச் சிப்பாய்களுக்காக மேரி ஒரு உபசரிப்புக் கமிட்டி அமைத்தார். எல்லா மதத்துப் பெண்களையும் அதில் சேர்த்தார். வண்டியில் பலகாரமும் தேநீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைப் போய்ப் பார்த்தார்கள். பொழுது போகக் கைவேலை கொடுத்தார்கள். சிப்பாய்களின் குடும்பங்களுக்கும் உதவினார்கள். பர்மாவில் ஜெயித்த பதினான்காவது படையினர், ஒரு ஜப்பானிய வாளையே மேரிக்குப் பரிசாக அளித்தார்கள். சேவை செய்யும் பெண்ணுக்கு வாள்! வேடிக்கையான பரிசுதான்.

யுத்தம் முடிந்தும் வேலை முடியவில்லை. ஊனமாகித் திரும்பியவன் எப்படிப் பிழைப்பான்? அவன் குடும்பம் என்ன செய்யும்? நல்ல மனசு மட்டும் இதற்குப் போதாது. பயிற்சி வேண்டும். பம்பாயில் 1936-லேயே டாட்டா பெயரில் இதற்கு ஒரு பள்ளி வந்துவிட்டது. 1946-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் ஒரு சமூக ஊழியரை நியமித்தார்கள். 1952-ல் மேரி அம்மையாரின் முயற்சியால் சென்னை சமூகப் பணிப் பள்ளி தோன்றியது.

டாக்டருக்கு அடுத்து

இந்த ஊழியர் ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்?

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் கால் முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். (ஸ்டான்லி ஆஸ்பத்திரியைத்தான் வடசென்னையில் அப்படிச் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்தது அது.) டாக்டர் எலும்பைச் சேர்த்துக் கட்டிவிடுவார். ஆனால் நோயாளி மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகிறேன் என்று அடம் பிடிப்பார். ஏன்? கூலி நின்றுபோயிற்று. வீட்டில் அடுப்பு எரியவில்லை. இதை டாக்டரிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்.

சமூக ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டு வாங்குவார். வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு உண்டு என்று 1923-லேயே சட்டம் வந்ததை எடுத்துச் சொல்வார். மனு எழுத உதவுவார். டாக்டரின் இங்கிலீஷை மனைவிக்குத் தமிழில் விளக்குவார். எப்போது திரும்பி வரவேண்டும், எப்போது காலை ஊன்றலாம், பழைய வேலை முடியாவிட்டால் வேறு என்ன வேலை என்பதெல்லாம் அவர் கவலை. காச நோயாளி இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டால், வீடு தேடிப் போவதும் அவர்தான்.

மேரி அம்மையார் பின்னர் மேஜர் ஜாதவை மணந்து மேரி கிளப்வாலா ஜாதவ் ஆனார். 1955-ல் பத்மஸ்ரீ, 1956-ல் சென்னை ஷெரீப் பதவி, 1968-ல் பத்மபூஷண். 1975-ல் பத்மவிபூஷணும் வந்தது. அந்த ஆண்டே அவர் காலமானார்.

அவர் தொடங்கிய பள்ளி இப்போது எழும்பூரில் கல்லூரியாக நடக்கிறது. மருத்துவ சமூகப் பணி அங்கே ஒரு பாடம்.