கேர்ஸ்டி மக்கோல்: விலைபோகாத முதல் அல்பமும் விட்டுக்கொடுக்காத தாயும்

1981ஆம் ஆண்டு பொலிடோர் நிறுவனம் இங்கிலாந்தில் ஓர் இளம் பாடகியின் முதல் அல்பத்தை வெளியிட்டது. அல்பத்தின் பெயர் ‘டெஸ்பரேட் கரக்டர்’, பாடகியின் பெயர் கேர்ஸ்டி மக்கோல். அப்போது அவருக்கு வயது 21. அதிலிருந்த ஒரு பாடல் அந்தக் கோடையில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம்வரை ஏறியது. தன்னை எல்விஸ் பிரெஸ்லி என்று சத்தியம் செய்யும் சிப்ஸ் கடைத் தொழிலாளி ஒருவரைப் பற்றிய பகிடிப் பாடல் அது. சிரிக்கவைத்துக்கொண்டே, பொய் சொல்லும் காதலனின் முகத்திரையையும் கிழித்துவிடும். ஆனால் அல்பம் பட்டியலின் எந்த மூலையிலும் இடம்பிடிக்கவில்லை. கடைகளில் கொஞ்சக் காலம் இருந்தது, பிறகு காணாமல் போனது.

அந்த அல்பம் அதன் மூல வடிவில் முதன்முறையாக சீடியாக வந்தது 2012இல். இடைப்பட்ட முப்பது வருடங்களும் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். பழைய தட்டுகளைத் தேடி வாங்கினார்கள், கசெட்டுகளில் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அறுபதுகளின் பெண் பாடகியர் குழுக்களின் இனிமை, ரொக்கின் வேகம், அமெரிக்க நாட்டுப்புறப் பாணி எல்லாம் அந்த ஒரே தட்டில் கலந்திருந்தன. குரல்மேல் குரலாகத் தன் குரலையே அடுக்கி ஒரு கூட்டமே பாடுவதுபோல் ஒலிக்கச் செய்யும் அவரது உத்தியும் அதிலேயே கேட்கிறது.

கேர்ஸ்டி 1959 ஒக்டோபர் 10ஆம் திகதி, இன்று எம்மவர் பலர் வாழும் தென்லண்டன் குரொய்டனில் பிறந்தார். தந்தை யூவன் மக்கோல் பிரித்தானிய நாட்டார் இசை மறுமலர்ச்சியின் முன்னோடி, பொதுவுடைமைவாதி, தொழிலாளர் வாழ்வைப் பாடியவர். தாய் ஜீன் நியூலவ் நடனக் கலைஞர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடன அறிஞர் ருடோல்ஃப் லாபனின் உதவியாளராக இருந்து, தொழிற்சாலைப் பெண்களுக்கு உடலை வருத்தாமல் வேலை செய்யும் அசைவுகளைக் கற்றுக்கொடுத்தவர். தந்தை அமெரிக்கப் பாடகி பெகி சீகருடன் தனிக் குடும்பமாக வாழ்ந்தார். கேர்ஸ்டியையும் அண்ணனையும் வளர்த்தெடுத்தவர் தாய்தான். சின்ன வயதில் ஆஸ்துமா கேர்ஸ்டியை அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றது. படுக்கையில் கிடந்த நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தவை புத்தகங்களும் இசைத்தட்டுகளும்.

பிரபல தந்தையின் பெயரை ஏணியாக வைத்து அவர் ஏறவில்லை. பங்க் குழுவொன்றில் புனைபெயருடன் பின்னணி பாடித் தொடங்கினார். 1979இல் ஸ்டிஃப் நிறுவனம் வெளியிட்ட ‘தே டோன்ட் நோ’ என்ற அவரது முதல் தனிப்பாடல் வானொலிகளில் ஓயாமல் ஒலித்தது. ஆனால் விநியோகஸ்தர்களின் வேலைநிறுத்தத்தால் தட்டுகள் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. கேட்டவர்களுக்கு வாங்க வழியில்லாததால் பாடல் விற்பனைப் பட்டியலுக்கு வரவேயில்லை. நான்கு வருடங்களின் பின் 1983இல் நடிகை ட்ரேசி உல்மன் அதே பாடலைப் பாடியபோது பிரித்தானியாவில் 2ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 8ஆம் இடத்தையும் பிடித்தது. அந்தப் பதிவில் உல்மனால் எட்ட முடியாத ஓர் உச்ச சுருதியைப் பாடியவரும் கேர்ஸ்டியே. எழுதியவரின் குரல் இன்னொருவரின் வெற்றிக்குள் ஒரு நொடி மின்னி மறைகிறது.

பொலிடோருக்காக 1983இல் அவர் பதிவுசெய்த இரண்டாவது அல்பமான ‘ரியல்’ வெளியிடப்படாமலே கிடப்பில் போடப்பட்டது. 1985இல் பில்லி பிராக்கின் ‘எ நியூ இங்லண்ட்’ பாடலைப் பாடி 7ஆம் இடத்துக்கு வந்தபோதுதான் பொலிடோருக்குத் தன்னிடமிருந்த பழைய அல்பம் நினைவுக்கு வந்தது. சில பாடல்களை மாற்றி, ‘கேர்ஸ்டி மக்கோல்’ என்ற புதுப்பெயரில் அதைச் சந்தைக்கு விட்டது.

மேடைப் பயம் அவரை நீண்டகாலம் வாட்டியது. அதனால் பல வருடங்கள் மேடையேறாமல், ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே மற்றவர்களின் பாடல்களுக்குக் குரல் கொடுத்தார். த ஸ்மித்ஸ், டோக்கிங் ஹெட்ஸ் போன்ற குழுக்களின் பாடல்களில் அவர் குரல் இருக்கிறது. 1984இல் இசைத் தயாரிப்பாளர் ஸ்டீவ் லிலிவைட்டை மணந்தார். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தனர். 1987இல் வெளியான யூ2 குழுவின் புகழ்பெற்ற ‘த ஜோஷுவா ட்ரீ’ அல்பத்தின் பாடல்களை வரிசைப்படுத்தியவரும் அவரே. எதில் தொடங்கி எதில் முடிக்கவேண்டும் என்பதைக் குழுவினர் முன்னரே தீர்மானித்திருந்தார்கள். நடுவிலிருந்தவற்றைத் தன் விருப்பப்படி அவர் அடுக்கினார். முடிவில் நின்ற பாடல், ஆர்ஜென்ரீனாவில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பற்றியது.

அதே வருடம் த போக்ஸ் குழுவின் ‘ஃபெயரிடேல் ஒஃப் நியூயோர்க்’ வந்தது. ஷேன் மக்கோவனுடன் இணைந்து பாடவேண்டிய பெண்குரல் அமையாமல் பாடல் தடைப்பட்டிருந்தது. லிலிவைட் ஒலிநாடாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதிரிக்காக மனைவியைப் பாடவைத்தார். அதைக் கேட்ட குழுவினர் வேறு குரல் தேடவில்லை. அந்தப் பாடல் 2ஆம் இடத்துக்கு வந்தது. இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் பிரித்தானியப் பட்டியலுக்குத் திரும்பி வருகிறது.

1989இல் ‘கைட்’ அல்பம் அவரைத் தனித்த பாடலாசிரியராக நிலைநிறுத்தியது. திருமணம் முறிந்தது, எழுதமுடியாத காலமும் வந்தது. பிறகு கியூபாவும் பிரேசிலும் அவரை மீட்டன. ஸ்பானிய மொழி கற்றார், அந்த மண்ணின் தாளங்களுக்குள் புகுந்து 2000ஆம் ஆண்டில் ‘ட்ரொப்பிக்கல் பிரெய்ன்ஸ்ட்ரோம்’ அல்பத்தைத் தந்தார். பிபிசி வானொலிக்காகக் கியூபா பற்றிய தொடரொன்றையும் முடித்துக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளுடன் மெக்சிக்கோவின் கொசுமெல் தீவுக்கு விடுமுறையில் போனார்.

2000 டிசம்பர் 18. சுழியோடிவிட்டு மேலே வந்தபோது, வேகப்படகுகளுக்கு அனுமதியில்லாத அந்தக் கடற்பகுதிக்குள் ஒரு படகு பாய்ந்து வந்தது. அதன் பாதையில் 15 வயது மூத்த மகன் இருந்தான். அவனைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டார் கேர்ஸ்டி. மகன் சிறு காயங்களுடன் தப்பினான். 41 வயதுத் தாய் அந்த இடத்திலேயே உயிரிழந்தார்.

படகு மெக்சிக்கோவின் பெரும் செல்வந்தர் ஒருவருக்குச் சொந்தமானது. அவரும் குடும்பத்தினரும் அதில் இருந்தார்கள். ஓட்டியது தானே என்று சொன்னவர் அவரிடம் வேலை செய்த படகுத் தொழிலாளி. கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு இரண்டு வருடம் பத்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி சிறைக்குப் பதிலாக அபராதம் செலுத்த இடமிருந்தது. அவர் கட்டியது 1,034 பெசோ. அன்றைய பெறுமதியில் அறுபது பவுணுக்குச் சற்று அதிகம்.

எழுபது வயதைக் கடந்திருந்த ஜீன், மகளின் உயிருக்கு இதுதான் விலையா என்று கேட்டுப் புறப்பட்டார். சாட்சிகள் சொன்னவையும் தொழிலாளியின் வாக்குமூலமும் பொருந்தவில்லை என்று வாதாடினார். மெக்சிக்கோவுக்குப் போனார், சட்டத்தரணிகளை அமர்த்தினார், கடிதம்மேல் கடிதம் எழுதினார். ரசிகர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள், பணம் சேர்த்தார்கள். 2006இல், இந்த விடயத்தைக் கையாண்ட அரச வழக்குத்தொடுநர் ஒருவர் தன் கடமையில் தவறியதாகக் காணப்பட்டார். அதற்குமேல் கதவு திறக்கவில்லை. 2009இல் இயக்கம் முடித்துவைக்கப்பட்டது. எஞ்சிய பணம் மெக்சிக்கோவின் வீதிச் சிறுவர்களுக்கும் கியூபாவின் இசை மாணவர்களுக்கும் போனது. மகளின் வாழ்க்கையைத் தானே ஒரு நூலாக எழுதிவைத்த ஜீன் 2017இல் காலமானார். படகின் சுக்கானை உண்மையில் யார் பிடித்திருந்தார் என்ற அவரது கேள்விக்கு அவர் ஏற்கக்கூடிய பதில் கடைசிவரை கிடைக்கவில்லை.

நீதி முடங்கிய இடத்தில் நினைவு தொடர்கிறது. லண்டன் சோஹோ சதுக்கத்தைப் பற்றி கேர்ஸ்டி ஒரு பாடல் எழுதியிருந்தார். 2001இல் அந்தச் சதுக்கத்தில் அவர் நினைவாக மரவாங்கு ஒன்று வைக்கப்பட்டது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவரது பிறந்தநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ரசிகர்கள் அங்கே கூடிப் பாடுகிறார்கள். பாடப்படுபவற்றில் பட்டியலுக்கே வராத அந்த முதல் அல்பத்தின் பாடல்களுக்கும் இடமுண்டு. 2023இல் அவரது பாடல்கள் பெரும் தொகுப்பாக வந்தபோது, நாற்பது வருடம் கிடப்பில் கிடந்த ‘ரியல்’ அல்பமும் அதற்குள் இருந்தது. அந்தத் தொகுப்புக்கு வைத்த பெயர் ‘சீ தட் கேர்ள்’. 1981இல் யாரும் கவனிக்காத அந்த அல்பத்தின் ஒரு பாடலின் பெயர் அது.