ஹீரோ ஜெயிலில்... படம் தியேட்டரில்! 3 தீபாவளி கண்ட திருச்சி பாகவதரின் கதை

லால்குடி,

சங்கீதத்துக்கு பேர்போன ஊர் லால்குடி. தியாகராஜ சுவாமிகள் இங்கு வந்து சப்தரிஷீஸ்வரர் கோவில் சாமி, அம்பாள் மேல் 5 கீர்த்தனைகள் பாடினார். வயலின் மேதை லால்குடி ஜெயராமனுக்கும் இதுதான் பூர்வீகம்.

ஆனால் சபாவுக்குள் இருந்த ராகங்களை தரை டிக்கெட் ஜனங்கள் முணுமுணுக்கும்படி செய்தவர், இங்கிருந்து 20 கிலோ மீட்டர் தள்ளி திருச்சியில் வளர்ந்த ஒரு நகைத்தொழிலாளி வீட்டுப் பையன். பெயர் மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜன். ஊர் உலகத்துக்கு எம்.கே.தியாகராஜ பாகவதர்.

1910-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி மாயவரத்தில் பிறந்தார். தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி பிழைப்பு தேடி குடும்பத்தோடு திருச்சிக்கு வந்தார். பையனுக்கு படிப்பு ஏறவில்லை, பாட்டுதான் ஏறியது. கோபித்துக் கொண்டு வீட்டை விட்டு ஓடியவனை, ஆந்திராவில் கடப்பா பக்கம் கூட்டத்துக்கு நடுவே பாடிக் கொண்டிருந்தபோது அப்பா கண்டுபிடித்து கூட்டி வந்தார் என்று சொல்வார்கள்.

நாடக கொட்டகை

ரெயில்வே அதிகாரியான எப்.ஜி.நடேச அய்யர் திருச்சியில் ரசிக ரஞ்சனி சபா நடத்தி வந்தார். அவர் போட்ட அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கிடைத்தது. சின்னப் பையன் பாடியதும் கொட்டகையே அசந்து போனது. அப்புறம் மதுரை பொன்னு அய்யங்காரிடம் முறைப்படி சங்கீதம் கற்றார்.

அந்த காலத்து நாடகத்தில் மைக் கிடையாது. பாட்டு கடைசி வரிசை வரை கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் அடுத்த ஊரில் காண்டிராக்டர் கூப்பிட மாட்டார். டிக்கெட் விற்றால்தான் எல்லாருக்கும் சாப்பாடு. பாகவதரின் உச்சஸ்தாயி குரல் அந்த தொழிலுக்கென்றே செய்தது போல இருந்தது.

எஸ்.டி.சுப்புலட்சுமியோடு அவர் மேடையில் நடித்த பவளக்கொடி, 1934-ல் கே.சுப்ரமணியம் டைரக்ஷனில் படமானது. சுமார் 50 பாட்டுகள்! வசனம் எங்கே என்று தேட வேண்டும். ஜனங்களும் பாட்டுக்காகத்தான் வந்தார்கள்.

1937-ல் சிந்தாமணி. பாபநாசம் சிவன் பாட்டு, பாகவதர் குரல். கிராமபோன் வைத்திருந்த வீட்டு வாசலில் எல்லாம் கூட்டம் கூடியது. அந்த படத்தில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். அதற்கு சிந்தாமணி என்றே பெயரும் வைத்தார்கள். கட்டியவர்கள் படத்தின் முதலாளிகள், பாகவதர் அல்ல.

அவருக்கு பணத்துக்கு குறைவில்லைதான். பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், தோள் வரை தொங்கும் முடி. பாகவதர் கிராப் வைக்காத வாலிபன் அப்போது குறைவு. தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்பார்கள். நகைத்தொழிலாளி மகன் தங்கத் தட்டில் சாப்பிட்டதை ஏழை ஜனங்கள் பொறாமையோடு அல்ல, பெருமையோடுதான் சொன்னார்கள்.

3 தீபாவளி

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் ரிலீஸ் ஆனது. இரண்டாம் உலக யுத்த காலம். பிலிம் தட்டுப்பாடு. படம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு. புதுப்படங்களும் குறைவு. நல்லா ஓடும் படத்தை தியேட்டர்காரர் தூக்க வேண்டிய அவசியம் இல்லை. சென்னை பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் 1944, 1945, 1946 என்று 3 தீபாவளி பார்த்தது.

ஆனால் இரண்டாவது, மூன்றாவது தீபாவளிக்கு ஹீரோ வெளியில் இல்லை.

படம் வந்த அடுத்த மாதமே, நவம்பர் 8-ந்தேதி சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை.

தினமும் தியேட்டர் வாசலில் கியூ. திரையில் பாகவதர் பாடுகிறார், ஜனங்கள் காசு கொடுத்து கேட்கிறார்கள். நிஜ பாகவதர் ஜெயில் கம்பிக்குள். நடிகருக்கு பேசிய சம்பளம் பேசியதுதான். படம் 3 வாரம் ஓடினாலும் 3 வருஷம் ஓடினாலும் வசூல் போவது படக்கம்பெனிக்கும் தியேட்டருக்கும்தான். ஒப்பந்தமான புதுப்படங்கள் எல்லாம் கைநழுவின. கேஸ் செலவு வேறு.

லண்டன் பிரிவி கவுன்சில் வரை கேஸ் போனது. அங்கிருந்து திரும்பி வந்து, பிரபல வக்கீல் எத்திராஜ் ஐகோர்ட்டில் வாதாடி, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலை ஆனார்கள்.

மாறிய கூட்டம்

வெளியே வந்தவர் சொந்தப் பணத்தைப் போட்டு புனாவில் ராஜமுக்தி எடுத்தார். அந்த படத்துக்கு எழுதப் போன எழுத்தாளர் புதுமைப்பித்தன் அங்கே நோயில் விழுந்து, 1948-ல் இறந்தார். படமும் விழுந்தது.

ஜெயிலுக்கு முன் 9 படம், ஜெயிலுக்குப் பின் 5 படம். பின்னால் வந்த அமரகவி, சியாமளா, அவரே டைரக்ட் செய்த புதுவாழ்வு எதுவும் காப்பாற்றவில்லை. கூடவே ஜெயிலுக்குப் போன கலைவாணர் மட்டும் 1949-ல் அண்ணா கதை எழுதிய நல்லதம்பியோடு எழுந்து நின்றார்.

கேஸ்தான் பாகவதரை கவிழ்த்தது என்று சொல்லி விடுவது சுலபம். அது பாதி உண்மை. கொட்டகைக்கு வந்த கூட்டமே மாறி விட்டது. வேலைக்காரி, பராசக்தி என்று வசனத்துக்கு கைத்தட்டல் விழ ஆரம்பித்தது. பின்னணிப் பாட்டு வந்த பிறகு நடிக்கிறவருக்கு குரல் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ராஜமுக்தியிலேயே கதாநாயகிக்கு எம்.எல்.வசந்தகுமாரி பின்னணி பாடினார்.

வேடிக்கை என்னவென்றால், கச்சேரிக்கு மட்டும் கூட்டம் குறையவே இல்லை. கோவில் திருவிழாவில் அவர் பாடினால் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்டார்கள். அதே ஜனங்கள் அவர் படத்துக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

சர்க்கரை வியாதி உடம்பை தின்றது. கண் பார்வையும் மங்கியது. 1959 அக்டோபரில் பொள்ளாச்சி கச்சேரிக்குப் பின் உடல்நிலை மோசமாகி, சென்னை பொது ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நவம்பர் 1-ந்தேதி காலமானார். வயது 49.

உடல் திருச்சிக்கு கொண்டு வரப்பட்டு சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கடைசியாக நடித்த சிவகாமி, அவர் போன பிறகு 1960-ல்தான் தியேட்டருக்கு வந்தது.