டி. என். இராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 - டிசம்பர் 12, 1956) புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். தோடி இராக ஆலாபனைக்குப் பெயர் பெற்றவர். இவரது இசை இசைத்தட்டுகள் வழியாகவும் பரவியது.

வாழ்க்கைக் குறிப்பு

அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அருகே, திருமருகல் என்னும் ஊரில் குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள் இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனும் திருவாவடுதுறை ஆதீன நாதசுவரக் கலைஞருமான நடேச பிள்ளை இவரை வளர்த்தார். திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதசுவரமும் பயின்றார். வாய்ப்பாட்டுப் பயிற்சியின் தாக்கத்தை இவரது வாசிப்பில் உணரலாம்.

பாரி நாதசுவரம்

முன்னர் பெரிதும் வழங்கிய திமிரி நாதசுவரம் நீளம் குறைந்தது, சுருதி மிகுந்தது. அதில் சுத்த மத்திமம் சரியாக ஒலிப்பதில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி இக்குறை நீங்கிய நீண்ட பாரி நாதசுவரத்தை உருவாக்கினார். அதனைக் கச்சேரிகளில் வாசித்துப் பரவச் செய்தவர் இராஜரத்தினம் பிள்ளை. தோடி, சுத்த மத்திமம் கொண்ட இராகம் என்பது குறிப்பிடத்தக்கது. நரசிங்கம்பேட்டை நாதசுவரத்திற்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இசைத்தட்டுகள்

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். கோயில் திருவிழாக்களில் மணிக்கணக்கில் விரியும் ஆலாபனையை அந்த அளவிற்குள் சுருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்சு 1939ஆம் ஆண்டு பதிவு செய்த புகழ்பெற்ற இசைத்தட்டும் இதே வரம்பிற்குள் அமைந்ததே. இருவர் இசையிலும் கலைஞர் அவ்வப்போது கற்பனையால் படைப்பதே முதன்மையானது. அதனை எழுத்தில் முழுமையாகக் குறித்து வைக்க இயலாது. ஆகவே, தட்டில் பதிவாகாத கச்சேரிகள் கேட்டவர்களின் நினைவோடு மறைந்தன. எஞ்சிய பதிவுகளின் மதிப்பு இதனாலேயே பெரிது. ஒரு சுரத்தில் நின்று, மெல்ல அசைத்து, அடுத்த சுரத்திற்கு இழையும் இவரது பாணியை அவற்றில் கேட்கலாம்.

பிற பணிகள்

1940ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய கவி காளமேகம் திரைப்படத்தில் தலைமை வேடத்தில் நடித்தார். ஆகஸ்ட் 14, 1947 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் ஜவகர்லால் நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்டபோது நாதசுவரம் வாசித்தார். கோயிலிலும் ஊர்வலத்திலும் நின்றபடி வாசிக்கும் வழக்கம் இருந்த காலத்தில், நாதசுவரக் கலைஞர்களுக்கும் மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பு கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

காருகுறிச்சி அருணாசலம் இவருடைய மாணவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.