பியானோ மேதை கிளாரா ஷூமன்

ஜெர்மனியில் லைப்சிக் என்று ஒரு பழைய நகரம். வியாபாரச் சந்தைக்கும் புத்தகப் பதிப்புக்கும் பேர்போன ஊர். அங்கே துணி வியாபாரிகளின் கட்டடத்திலேயே ஒரு கச்சேரி மண்டபம் இருந்தது. 1828-ல் அந்த மேடையில் ஒன்பது வயதுச் சிறுமி பியானோ வாசித்தாள். அவள்தான் கிளாரா.

கிளாரா 1819 செப்டம்பர் 13-ல் லைப்சிக்கில் பிறந்தவர். நாலு வயது வரை பேச்சே வரவில்லை. காது கேட்காதோ என்றுகூட நினைத்தார்களாம். அதற்கப்புறம் அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். அன்றைய சட்டப்படி பிள்ளை அப்பாவுக்குத்தான் சொந்தம். அப்பா பிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர், ரொம்பக் கண்டிப்பு. மகளை மேதையாக்கியது அவர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்று பாருங்கள், கிளாராவின் டைரியைக்கூட அவரே எழுதினார். அதுவும் நான், நான் என்று மகளே எழுதுவது மாதிரி! இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டில் தங்கிப் பியானோ கற்ற ராபர்ட் ஷூமனைக் கிளாரா கல்யாணம் செய்ய ஆசைப்பட்டார். அப்பா முடியவே முடியாது என்றார். விஷயம் கோர்ட் வரை போனது. பெற்ற அப்பாவுக்கு எதிராக வழக்கு என்றால் சும்மாவா? 1840-ல் அனுமதி கிடைத்தது. 21-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் கல்யாணம். பிறகு கணவனும் மனைவியும் ஒரே டைரியில் மாறி மாறி எழுதினார்கள்.

ராபர்ட் இசை எழுதும் நேரத்தில் கிளாரா பியானோவைத் தொடக்கூடாது, சத்தம் கேட்கும். பிள்ளைகள் எட்டு. 1849-ல் டிரெஸ்டன் நகரில் கலகம் வந்தது. கணவரையும் மூத்த மகளையும் வெளியே பத்திரமாக விட்டுவிட்டு, கர்ப்பிணியான கிளாரா துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே திரும்ப ஊருக்குள் போய் மற்ற பிள்ளைகளைக் கூட்டி வந்தார்.

1854-ல் ராபர்ட்டுக்கு மனநோய் முற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கிளாராவைப் பார்க்க விடவில்லை. 1856-ல் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் பார்த்தார். உயிரோடு இருந்த ஏழு பிள்ளைகளையும் கச்சேரி வருமானத்தில்தான் வளர்த்தார். இங்கிலாந்து, ரஷ்யா என்று ஊர் ஊராகப் பயணம். பிராங்க்பர்ட்டில் 1878 முதல் ஆசிரியை. கணவரின் இசைநூல்களைத் தொகுத்து லைப்சிக் பதிப்பகத்தில் அச்சாக்கினார்.

1896 மே 20-ல் காலமானார். 1990 முதல் 2002-ல் யூரோ வரும் வரை ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் அவர் முகம் இருந்தது. பின்பக்கம் ஒரு பியானோ.