கரும்பைப் படித்த ஜானகி அம்மாள்

திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு லாரி லாரியா கரும்பு போறதைப் பார்த்திருப்பீங்க. கரும்போட குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாளைத் தெரியுமா?

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் தாவரவியல் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் கலப்பினம் உருவாக்கினார். இரண்டும் வேறு வேறு பேரினம், சேர்வதே அபூர்வம். ஆனா அங்கே அந்த வேலையைவிட, அவர் பெண் என்பதும் அவரோட சாதியும்தான் சிலர் கண்ணை உறுத்தியது.

1939-ல் பிரிட்டன் போனார். 1945-ல் டார்லிங்டனோட சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் வெளியிட்டார். நேரு அழைக்க, 1951-ல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கத் திரும்பி வந்தார். 1984-ல் 86 வயதில் இறக்கும்வரை, மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்.

இடம் சரியில்லைன்னா இடத்தை மாத்துங்க. எடுத்த வேலையை விட்டுடாதீங்க.