கழற்றிப் பார்த்துக் கற்ற மேதை ஜி. டி. நாயுடு



இன்று பரிசளிப்பு விழா. கணக்கில் முதல் பரிசு, தமிழில் முதல் பரிசு என்று பேர் கூப்பிடும்போது நாம் கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். ஆனால் பேர் கூப்பிடாத பிள்ளைகளும் இதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் ஏச்சு வாங்கியவனாக இருப்பான். அந்தப் பையனும், ஏசிய அப்பாவும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோபால்சாமி நாயுடு என்ற விவசாயிக்கு மகனாகப் பிறந்தவர் துரைசாமி. இவரே பின்னாளில் ஜி. டி. நாயுடு என்று உலகறிய விளங்கியவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசினார் என்றுகூடச் சொல்வார்கள். படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. அப்பாவின் காட்டில் வேலை செய்தார்.

ஒருநாள் அவ்வூர் வழியே ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ‘ரட்ஜ்’ என்னும் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! பார்த்த துரைசாமிக்குத் தூக்கம் போயிற்று. கையில் காசு இல்லையே, என்ன செய்வது? கோவை நகருக்குப் போய் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்து, 300 ரூபாயோடு அதே அதிகாரியைத் தேடிப் போய் அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றினார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். ஒவ்வொரு சாமானும் எதற்கு என்று பார்த்தார். பிறகு திரும்பப் பூட்டினார். அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

அதன்பின் மெக்கானிக் வேலை செய்தார். பஞ்சு வியாபாரத்தில் பணம் சேர்த்தார். பம்பாயில் அதை இழந்தார். மனம் தளரவில்லை. கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு 1920-இல் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டிதான் வளர்ந்து யு.எம்.எஸ். என்னும் பெரிய பேருந்து நிறுவனம் ஆயிற்று. 1937-இல் டி. பாலசுந்தரம் அவர்களுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டாரைக் கொண்டுவந்தார். மின்கலத்தில் ஓடும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மலிவு விலை வானொலி என்று அவர் கை படாத துறை குறைவு.

இனி, முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான்! கார் என்றால் பெரிய துரைமார்களுக்குத்தான் என்றிருந்த காலம் அது. சாதாரணக் குடும்பமும் காரில் போகட்டும் என்று செய்த வண்டி. ஆனால் அந்நாளில் இந்தியாவில் தொழிற்சாலையில் கார் செய்ய அரசின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது.

அதே காலத்தில் மேல்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். இத்தாலியில் 1953-இல் ‘இசெட்டா’ என்னும் குட்டிக் கார் வந்தது. 1955 முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அதில் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினையே வைத்து, ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்றது. நம் நாட்டில் சிறு குடும்பங்களின் காராக ‘கான்சில்’ வந்தது 1994-இல்தான். நாயுடு எவ்வளவு முன்னால் யோசித்தார் என்பது விளங்குகிறதா?

தம்பிகளே, மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து வீட்டிலேயே ஒரு குட்டிக் கார் செய்யலாமே என்று உங்களுக்கும் ஆசை வரும். வரட்டும்! ஆனால் நாயுடுவைப் போல முதலில் கேள்வி கேளுங்கள். பைக்குக்குப் பின்னால் போகும் கியர் கிடையாது. காரை எப்படிப் பின்னால் எடுப்பது? வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். ஒரே அச்சில் இரண்டையும் இறுகப் பூட்டினால் என்ன ஆகும்? காற்று பட்டுக் குளிரும் எஞ்சினைப் பெட்டிக்குள் அடைத்தால் சூடு எங்கே போகும்? பாரம் கூடினால் பழைய பிரேக் தாங்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் அறிவியல் பாடத்திலும் கணக்கிலும்தான் இருக்கிறது. வண்டியைச் செய்து முடித்தாலும், ஜே.பி.ஜே.யில் பதியாமல் சாலையில் ஓட்டக் கூடாது. அது சட்டம்; உங்கள் உயிருக்கும் காவல்.

பள்ளியை விட்டு ஓடிய அதே நாயுடு பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். நான்காண்டுப் படிப்பைக் குறைந்த காலத்தில், செய்முறையாகவே கற்றுத்தர முடியும் என்பது அவர் கொள்கை. அரசு ஒப்பவில்லை, அவர் விலகினார். அந்தக் கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கைத்திறன் மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் கல்லூரிக்காகப் பாடுபட்டிருப்பாரா? 1974 ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் செய்த பொருள்களைக் கோவையில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

பெற்றோர்களே! நாம் பால்மரக் காட்டில் வளர்ந்தோம். தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வந்துவிட்டோம். நம் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமிலேயே புரோட்டோன் கார்த் தொழிற்சாலை நிற்கிறது. உளியும் கத்தியும் பிடித்த கைக்குப் பிறந்த பிள்ளை ஸ்பேனர் பிடித்தால் அது கெட்ட வழி அல்ல. பட்டறைக்குப் போகிறேன் என்று படிப்பைப் பாதியில் விடுவதுதான் கெட்டது. அவனை ஏசாதீர்கள். கழற்றியதைத் தாளில் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். பூட்டும்வரை பக்கத்தில் உட்காருங்கள். பிறகு தொழிற்கல்லூரியில் சேர்த்துவிடுங்கள்.

இன்று பேர் கூப்பிடாத பையனே, தலை குனியாதே. கழற்றியதை நாளைக்குப் பூட்டிக் காட்டு. உனக்கும் ஒரு மேடை உண்டு.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!